பாக்கெட் போய்ச் சேர்கிறது, பதில்தான் திரும்பி வரவில்லை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் எழுதிவிடுகிறேன். இதில் பிழை இருந்தால் பின்னால் வரும் சில பகுதிகள் உங்களுக்குப் பொருந்தாமல் போகும். கூடத்தில் உள்ள ரவுட்டரின் முகவரி 192.168.1.1. மாடி அறையில் உபுண்டு என்ற லினக்ஸ் நிறுவிய மேசைக் கணினி ஒன்று வைஃபை மூலம் அந்த ரவுட்டருடன் இணைந்து 192.168.1.20 என்ற முகவரியைப் பெற்றிருக்கிறது. வைஃபை இல்லாத பழைய கணினி ஒன்றை அந்த மேசைக் கணினியின் லேன் போர்ட்டில் கேபிளால் இணைத்து, கேபிளின் ஒரு முனைக்கு 192.168.50.1 என்றும் மறுமுனைக்கு 192.168.50.2 என்றும் முகவரி கொடுத்திருக்கிறீர்கள். நடுவில் உள்ள மேசைக் கணினியில் ஐபி ஃபார்வர்டிங்கை, அதாவது ஒரு பக்கம் வந்ததை மறுபக்கம் கடத்திவிடும் வசதியை, இயக்கியாயிற்று. பழைய கணினியிலிருந்து 192.168.50.1க்குப் பிங் செய்தால், அதாவது சோதனைச் செய்தி ஒன்றை அனுப்பிப் பார்த்தால், பதில் வருகிறது, 192.168.1.20க்குச் செய்தாலும் வருகிறது, ஆனால் ரவுட்டரின் 192.168.1.1க்குச் செய்தால் வருவதில்லை, இணையமும் கிடைப்பதில்லை. ஃபார்வர்டிங் வேலை செய்யவில்லை போலிருக்கிறது, உபுண்டுவை மீண்டும் நிறுவிப் பார்க்கவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மீண்டும் நிறுவ வேண்டாம். நிறுவினாலும் இதே அறிகுறியுடன் இதே இடத்தில் வந்து நிற்பதற்கே வாய்ப்பு அதிகம். ஃபார்வர்டிங்கை எப்படி இயக்குவது என்பதுபோல் உங்கள் கேள்வி தோன்றினாலும், இங்கே தெரிய வேண்டியது வேறு: பழைய கணினியிலிருந்து புறப்பட்ட பாக்கெட் (நெட்வொர்க்கில் செல்லும் சிறு தரவுத் துண்டு) தொலைவது போகும் வழியிலா, திரும்பும் வழியிலா? பிங் தோற்றது என்ற ஒரு செய்தி இதைச் சொல்லாது. 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய அந்தச் சிறு கருவிக்குப் பெயர் வைத்ததே நீர்மூழ்கிகளின் சோனார் எழுப்பும் ஒலியை நினைத்துத்தான். அனுப்பிய ஒலி எதிலோ மோதித் திரும்பி வந்து காதில் விழுந்தால் மட்டுமே அது வெற்றி. திரும்பி வராதபோது, அது போய்ச் சேரவே இல்லையா, சேர்ந்தும் பதில் வரவில்லையா என்று அனுப்பியவரால் சொல்ல முடியாது. ஒரு பாக்கெட் போவதும் அதற்கான பதில் வருவதும் இரண்டு தனித்தனிப் பயணங்கள். ஒன்றுக்கு வழி இருப்பதாலேயே மற்றதற்கும் வழி இருந்துவிடாது. உங்கள் சிக்கலின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

முதலில் உங்கள் இரண்டு வெற்றிகள் எதை நிரூபிக்கின்றன, எதை நிரூபிக்கவில்லை என்று பார்ப்போம். 192.168.50.1க்குப் பதில் வருவதால் கேபிளும் லேன் கார்டுகளும் நன்றாக இருக்கின்றன. இதில் ஐயமில்லை. 192.168.1.20க்கும் பதில் வருவதைக் கண்டு, பாக்கெட் வைஃபை கார்டு வரை கடந்துவிட்டது, அதற்கு அப்பால்தான் ஏதோ தடை என்று நினைத்திருப்பீர்கள். இதே அமைப்பில் இடறும் கிட்டத்தட்ட எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியன்று. லினக்ஸில் ஒரு முகவரி குறிப்பிட்ட கார்டுக்கு மட்டும் உரியதன்று, கணினி முழுமைக்கும் உரியது. 192.168.1.20க்கு என்று ஒரு பாக்கெட் லேன் போர்ட் வழியாக உள்ளே வந்தாலும், அது என் முகவரிதான் என்று நடுக் கணினி தானே பதில் சொல்லிவிடும். வைஃபை கார்டை அந்தப் பாக்கெட் தொடுவதே இல்லை. முன்வாசலில் நின்று கூப்பிட்டாலும் கொல்லைப்புறத்தில் நின்று கூப்பிட்டாலும் வீட்டுக்குள் இருப்பவர் ஒருவர்தான். அவர் பதில் சொன்னார் என்பதால், முன்வாசலில் நின்றவரை வீட்டைக் கடந்து கொல்லைக்குப் போக விட்டார் என்று ஆகிவிடாது. ஃபார்வர்டிங் முழுவதுமாக அணைந்திருந்தாலும் இந்த இரண்டாவது பிங் வெற்றி பெறும். ஆகவே இந்தச் சோதனையை ஃபார்வர்டிங் பற்றிய சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் அதே பிங் வேறொன்றைச் சொல்கிறது. 192.168.50.2 என்ற முகவரியில் இருக்கும் கணினி 192.168.1.20ஐ நோக்கி ஒரு பாக்கெட்டை அனுப்பவே அதற்கு ஒரு கேட்வே, அதாவது பிற நெட்வொர்க்குகளுக்குப் போகும் வாயில், தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் நெட்வொர்க்கை அடைய முடியவில்லை என்று உடனே சொல்லியிருக்கும். எனவே பழைய கணினியில் கேட்வே 192.168.50.1 என்று சரியாகவே அமைத்திருக்கிறீர்கள் என்று கொள்ளலாம். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய கணினியின் சப்நெட் மாஸ்க்கை (எந்த முகவரிகள் தன் சொந்த நெட்வொர்க்கில், அதாவது சப்நெட்டில், உள்ளவை என்று சொல்லும் எண்) தவறுதலாக 255.255.0.0 என்று கொடுத்திருந்தால், 192.168 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும் அதே கேபிளில் இருப்பதாக அது நம்பும். அப்போது கேட்வேயைத் தேடாமல், 192.168.1.20 யாருடையது என்று ஏஆர்பி என்ற விசாரிப்பு முறை மூலம் கேபிளிலேயே கேட்கும். லினக்ஸ் தன் இயல்பு அமைப்பில் எந்தக் கார்டில் கேட்டாலும் தன்னுடைய எல்லா முகவரிகளுக்கும் பதில் சொல்வதால், அந்தப் பிங்கும் வெற்றி பெறும். 192.168.1.1 யாருடையது என்று கேட்டால் மட்டும் கேபிளில் பதில் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். வெளியிலிருந்து பார்க்க உங்கள் அறிகுறியேதான். மாஸ்க் 255.255.255.0 என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

ஃபார்வர்டிங் உண்மையில் இயங்குகிறதா என்பதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது, பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. பழைய கணினியிலிருந்து 192.168.1.1க்கு, வழியில் உள்ள கணினிகளை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கருவியை ஓட்டுங்கள். அந்தக் கணினியில் விண்டோஸ் இருந்தால் அதே வேலையை ட்ரேசர்ட் செய்யும். முதல் வரியில் 192.168.50.1 தோன்றி, அடுத்த வரிகளில் வெறும் நட்சத்திரக் குறிகள் வந்தால், நடுக் கணினியில் ஃபார்வர்டிங் இயங்குகிறது என்று நம்பலாம். ட்ரேஸ்ரூட் முதலில் அனுப்பும் பாக்கெட்டின் ஆயுள் எண் (கடத்தப்படும் ஒவ்வொரு முறையும் ஒன்று குறையும் எண்) 1. அதைக் கடத்திவிட முயலும் கணினிதான் எண் தீர்ந்துவிட்டதைக் கண்டு, ஆயுள் முடிந்தது என்று அனுப்பியவருக்குச் சொல்லும். ஃபார்வர்டிங் அணைந்திருக்கும் லினக்ஸ் அப்படிச் சொல்லாது, பாக்கெட்டை ஓசையின்றிக் கைவிட்டுவிடும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம், இந்த எண் பார்க்கப்படுவது ஃபார்வர்டு செய்வதற்கான ஃபயர்வால் (பாக்கெட்டுகளை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் காவல்) விதிகளுக்கு முன்னால் என்பது. ஆகவே முதல் வரி தோன்றுவதால் ஃபயர்வால் வழிவிடுகிறது என்று முடிவு செய்யக்கூடாது. முதல் வரியிலேயே நட்சத்திரம் என்றால், ஃபார்வர்டிங் மதிப்பு 1 என்று இருக்கிறதா என்று மறுபடியும் பாருங்கள். கட்டளையாக மட்டும் கொடுத்த மதிப்பு கணினியை அணைத்துப் போட்டதும் போய்விடும், நிலைக்க வேண்டுமானால் சிஸ்சிடிஎல் அமைப்புக் கோப்பிலும் எழுத வேண்டும். இந்த மதிப்பு இயல்பாக அணைந்திருப்பது லினக்ஸின் குறையன்று. சாதாரணக் கணினி ஒன்று, அதை அமைப்பவர் வேண்டுமென்றே சொன்னாலொழிய, பிறர் பாக்கெட்டுகளைக் கடத்தக்கூடாது என்று 1989ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தர ஆவணமே விதித்திருக்கிறது.

ஃபார்வர்டிங் இயங்குகிறது என்று வைத்துக்கொண்டு, அந்தப் பாக்கெட்டின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். பெறுநர் 192.168.1.1, அனுப்புநர் 192.168.50.2 என்று எழுதிய உறையாக அது நடுக் கணினிக்கு வருகிறது. நடுக் கணினி அதை வைஃபை வழியாக ரவுட்டருக்கு அனுப்புகிறது. கடத்தும்போது அனுப்புநர் முகவரி மாறுவதில்லை, ஆயுள் எண் மட்டும் ஒன்று குறைகிறது. ரவுட்டர் வாங்கிப் பார்த்து, 192.168.50.2க்குப் பதில் எழுதுகிறது. எழுதிய பதிலை எந்தப் பக்கம் அனுப்புவது? தனக்குத் தெரிந்த வீட்டு நெட்வொர்க் 192.168.1.0/24, அதாவது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள், ஒன்றுதான். 50 என்ற எண்ணுள்ள நெட்வொர்க் மாடி அறையில், 192.168.1.20க்குப் பின்னால் இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. தெரியாத முகவரிகள் எல்லாவற்றையும் இணையத்தின் பக்கம் தள்ளிவிடுவது ரவுட்டரின் இயல்பான வழி, எனவே உங்கள் பதில் வீட்டுக்கு வெளியே போய், வீடு, அலுவலகங்களுக்குள் மட்டும் பயன்படும் தனியார் முகவரி என்பதால் அங்கே குப்பையில் விழுகிறது. நடுக் கணினி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. பழைய கணினியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு மட்டும் எதுவும் போகாததுபோல் தெரிகிறது.

சிறு அலுவலகங்களின் நெட்வொர்க்குகளைப் பராமரிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு அச்சகத்தில் இதே அமைப்பில் நடுக் கணினியின் லினக்ஸை இரவோடு இரவாக மாற்றி நிறுவிக் கொடுத்தேன், மறுநாள் காலையில் அதே தடை அப்படியே இருந்தது. வைஃபை பக்கத்தில் ஓடும் பாக்கெட்டுகளைப் பார்த்த பிறகுதான், கேள்விகள் எல்லாம் முதல் நாளிலிருந்தே ஒழுங்காக வெளியேறிக்கொண்டிருந்தன, பதில்தான் ஒன்றுகூட வரவில்லை என்பது புரிந்தது. அதற்குப் பிறகு, பார்க்காமல் எதையும் மாற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதும் நான் சொன்ன காரணம் உங்கள் விவரங்களுக்கு மிகவும் பொருந்துகிறது என்றுதான் சொல்ல முடியும், நிரூபித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஃபயர்வாலைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, ரவுட்டரின் மாடலையும் சொல்லவில்லை. நிரூபணத்தை நீங்களே பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

நடுக் கணினியில் இரண்டு டெர்மினல் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் லேன் கார்டின் மீதும் மற்றொன்றில் வைஃபை கார்டின் மீதும் கடந்து செல்லும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓட்டுங்கள். பெயர்களாக மாற்றாமல் எண்களாகவே காட்டச் சொல்லி, ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் செய்தி வகை), ஏஆர்பி இரண்டை மட்டும் காட்டும்படி வடிகட்டினால் திரை குழம்பாது. பிறகு பழைய கணினியில் பிங்கை ஓடவிட்டு, இரண்டு சாளரங்களையும் பாருங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு: கேள்வி லேன் பக்கம் நுழைவது, வைஃபை பக்கம் வெளியேறுவது, பதில் வைஃபை பக்கம் நுழைவது, லேன் பக்கம் வெளியேறுவது. முதலில் எந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லையோ அதற்குச் சற்று முன்னால்தான் கோளாறு. உள்ளே வரும் பாக்கெட்டை இந்தக் கருவி ஃபயர்வாலுக்கு முன்னாலும், வெளியே போவதை ஃபயர்வாலுக்குப் பின்னாலும் பார்க்கிறது. எனவே கேள்வி லேன் சாளரத்தில் தெரிந்து வைஃபை சாளரத்தில் தெரியாவிட்டால், நடுக் கணினிக்குள்ளேதான் அது தொலைந்திருக்கிறது. லேன் சாளரத்தில் ஐசிஎம்பி கேள்வியே இல்லாமல், 192.168.1.1 யாருடையது என்ற ஏஆர்பி வரிகள் மட்டும் ஓடினால், மேலே சொன்ன மாஸ்க் பிழைதான். வைஃபை சாளரத்தில் கேள்விகள் 192.168.50.2 என்ற அனுப்புநர் முகவரியோடு வரிசையாக வெளியேறி, ஒரு பதில்கூட வராமல் இருந்தால், நடுக் கணினியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. உங்கள் திரையில் இதைத்தான் பார்ப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

எதிர்பார்ப்பு தவறி, நடுக் கணினிக்குள்ளேயே தொலைகிறது என்று தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபயர்வாலின் ஃபார்வர்டு சங்கிலி, அதாவது கடந்து போகிறவற்றுக்கான விதிகளின் பட்டியல். உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் இயக்கப்பட்டிருந்தால், கடந்து போகும் பாக்கெட்டுகளைக் கைவிடுவதே அதன் இயல்புக் கொள்கை. கணினிக்கு என்று வரும் பாக்கெட்டுகளுக்கான விதிகள் வேறு, அதைக் கடந்து போகிறவற்றுக்கான விதிகள் வேறு என்பதால், நீங்கள் முன்பே அனுமதித்து வைத்திருக்கும் போர்ட்டுகள் (ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண் வாசல்கள்) இதற்கு உதவாது. அந்தக் கணினியில் எப்போதாவது டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) நிறுவினீர்களா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். 2017 ஜனவரியில் வந்த 1.13 பதிப்பிலிருந்து டாக்கர் தன் தேவைக்காக ஃபார்வர்டிங்கைத் தானே இயக்கிக்கொண்டு, கூடவே ஃபார்வர்டு சங்கிலியின் கொள்கையை ட்ராப் (கைவிடு) என்று மாற்றிவிடுகிறது. டாக்கரில் எந்தக் கோளாறும் தெரியாது, உங்கள் பழைய கணினியின் பாக்கெட்டுகள் மட்டும் மாட்டிக்கொள்ளும். அதற்குரிய அனுமதி விதியை டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில் எழுத வேண்டும். ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வால் கருவியின் விதிகளை எண்ணிக்கையோடு காட்டச் சொல்லிப் பார்த்தால், பிங் ஓடும்போது கைவிடும் விதி அல்லது கொள்கைகளில் எதன் எண் ஏறுகிறதோ அதுதான் உங்கள் பாக்கெட்டை விழுங்குகிறது. ஆர்பி ஃபில்டர் என்ற திரும்புவழிச் சோதனையும் பாக்கெட்டுகளைக் கைவிடக்கூடியதுதான், ஆனால் நீங்கள் விவரித்த எளிய அமைப்பில் அது குறுக்கிடக் காரணமில்லை. நடுக் கணினியிலிருந்து ரவுட்டருக்கு வைஃபை, கேபிள் என்று இரண்டு இணைப்புகள் ஒரே நேரத்தில் இருந்தால் மட்டும் அதைப் பார்க்கலாம்.

ரவுட்டருக்குத் திரும்புவழி தெரியாததுதான் காரணம் என்று டிசிபிடம்ப் காட்டியபின், ரவுட்டரைத் தொடாமலே அதை உறுதிசெய்யவும் வழி உண்டு. அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு லேப்டாப்பில், 192.168.50.0/24க்குப் போக வேண்டியவை 192.168.1.20 வழியாகப் போக வேண்டும் என்று ஒரு ரூட்டை மட்டும் சேர்த்துவிட்டு, பழைய கணினியிலிருந்து அந்த லேப்டாப்புக்குப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால் நடுக் கணினியின் ஃபார்வர்டிங்கில் ஒரு குறையும் இல்லை. லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தால் ஒரு முன்னெச்சரிக்கை: வீட்டு நெட்வொர்க் என்று குறிக்கப்பட்ட இணைப்பில் பிங்குக்கான விண்டோஸ் ஃபயர்வால் விதி அதே சப்நெட்டிலிருந்து வருவதை மட்டுமே அனுமதிக்கும், 50 என்ற எண்ணுள்ள வேறு சப்நெட்டிலிருந்து வரும் பிங்கைத் தடுத்துவிடும். ரவுட்டரில் வைஃபை சாதனங்கள் ஒன்றோடொன்று பேசாதபடி தடுக்கும் அமைப்பு இயங்கினாலும் இந்தச் சோதனை தோற்கும். ஆகவே இதில் வெற்றி கிடைத்தால் முழுமையாக நம்பலாம், தோல்வி வந்தால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது.

தீர்வு இரண்டு விதம். ஒன்று, ரவுட்டருக்கே வழி சொல்லிக் கொடுப்பது. அதன் அமைப்புப் பக்கத்தில் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதி வைக்கும் வழி) என்ற பகுதி இருந்தால், சேருமிடம் 192.168.50.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.20 என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். நடுக் கணினிக்கு எப்போதும் 192.168.1.20 என்ற முகவரியே கிடைக்கும்படி டிஎச்சிபியில் (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதி) ஒதுக்கியும் வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நாள் முகவரி மாறி, காரணம் தெரியாமல் எல்லாம் நின்றுபோகும். இணைய நிறுவனங்கள் கொடுக்கும் ரவுட்டர்கள் சிலவற்றில் இந்தப் பகுதியே இருப்பதில்லை. இருந்தாலும் இரண்டு இடங்களில் சிக்கல் வரக்கூடும். சில ரவுட்டர்கள் தங்கள் சொந்த சப்நெட்டிலிருந்து வருபவற்றுக்கு மட்டுமே முகவரி மாற்றிக் கொடுத்து இணையத்துக்கு அனுப்பும், 192.168.50.2ஐ அப்படியே விட்டுவிடும். அப்போது வீட்டுக்குள் எல்லாம் வேலை செய்யும், இணையம் மட்டும் வராது. மற்றொன்று இன்னும் குழப்பமானது. உங்கள் லேப்டாப் பழைய கணினியோடு பேசும்போது, லேப்டாப் அனுப்புவது முதலில் ரவுட்டருக்குப் போய் அங்கிருந்து நடுக் கணினிக்கு வரும், பதிலோ நடுக் கணினியிலிருந்து நேராக லேப்டாப்புக்குப் போகும். உரையாடலின் ஒரு பாதியை மட்டும் பார்க்கும் ரவுட்டரின் ஃபயர்வால், டிசிபி என்ற தொடர் உரையாடல் வகை இணைப்பின் நடுவே வரும் பாக்கெட்டுகளை இனம் தெரியாதவை என்று கைவிடலாம். லேப்டாப்பிலிருந்து பிங் போகிறது, ஆனால் கோப்புப் பகிர்வோ எஸ்எஸ்எச் என்ற தொலை உள்நுழைவோ இணைப்பு தொடங்கும் நேரத்திலேயே தொங்கிவிடுகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் நினைப்பது இதைத்தான்.

இரண்டாவது தீர்வு, நடுக் கணினியே முகவரியை மாற்றி அனுப்புவது. மாஸ்கரேட் என்று இதைச் சொல்வார்கள். 192.168.50.0/24இலிருந்து வந்து வைஃபை வழியாக வெளியேறும் பாக்கெட்டுகளின் அனுப்புநர் முகவரியை 192.168.1.20 என்று மாற்றிவிட்டால், ரவுட்டருக்கு அது தெரிந்த முகவரிதான். பதில் நடுக் கணினிக்கு வரும், நடுக் கணினி தன் குறிப்பைப் பார்த்து 192.168.50.2க்குத் திருப்பிவிடும். ரவுட்டரில் எதையும் தொட வேண்டியதில்லை, மேலே சொன்ன இரண்டு சிக்கல்களும் வருவதில்லை. இதற்கு ஒரு விலை உண்டு: வீட்டின் மற்றக் கருவிகள் பழைய கணினியைத் தாமாகத் தொடர்புகொள்ள முடியாது, அப்படி வேண்டுமென்றால் குறிப்பிட்ட போர்ட்டை நடுக் கணினியிலிருந்து உள்ளே திருப்பிவிடும் விதியைத் தனியாக எழுத வேண்டும். பழைய கணினிக்கு இணையம் வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்று கேள்வியிலிருந்து தெரிவதால், நான் இதையே பரிந்துரைக்கிறேன். கையால் விதி எழுதவும் வேண்டாம். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பில், லேன் இணைப்பின் ஐபிவி4 பகுதியில், மற்றக் கணினிகளுடன் பகிர்தல் என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் ஃபார்வர்டிங், மாஸ்கரேட், டிஎச்சிபி, டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) நான்கையும் நெட்வொர்க்மேனேஜரே பார்த்துக்கொள்ளும். அது இயல்பாக 10.42.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும், எனவே பழைய கணினியில் நீங்கள் கையால் கொடுத்த முகவரியை நீக்கிவிட்டுத் தானாகப் பெறும்படி மாற்றிவிடுங்கள். விதி சரியாக அமர்ந்ததா என்று பார்க்க, வைஃபை சாளரத்தில் வெளியேறும் கேள்விகளின் அனுப்புநர் முகவரி 192.168.1.20 என்று மாறியிருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

லேன் கார்டையும் வைஃபை கார்டையும் பிரிட்ஜ் செய்து ஒரே சப்நெட்டாக ஆக்கிவிடலாமே என்று உங்களுக்கு யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். இரண்டுமே கேபிள் இணைப்புகளாக இருந்தால் அது நல்ல யோசனைதான். ஆனால் ரவுட்டருடன் சாதாரணமாக இணைந்திருக்கும் வைஃபை கார்டில் அது நடக்காது. அப்படிப்பட்ட இணைப்பில் பாக்கெட்டைச் சுமந்து செல்லும் ஃபிரேமில் மூன்று முகவரிகளுக்குத்தான் இடம் இருக்கிறது, அனுப்புபவர் என்ற இடத்தில் இணைந்திருக்கும் கார்டின் மேக் முகவரி என்ற வன்பொருள் முகவரிதான் வர முடியும். பின்னால் உள்ள பழைய கணினியின் மேக் முகவரியோடு போகும் ஃபிரேமை ரவுட்டர் ஏற்காது. நான்கு முகவரி முறை ஒன்று இருக்கிறது என்றாலும், அதற்கு இரு பக்கமும் ஒத்துழைக்க வேண்டும். உங்கள் அமைப்பில் நேரத்தைச் செலவிட அது உகந்த இடமன்று.

பிங் போகத் தொடங்கிய பிறகும் உலாவியில் பக்கங்கள் திறக்காவிட்டால் ஃபார்வர்டிங்கைச் சந்தேகிக்க வேண்டாம். 8.8.8.8 போன்ற எண் முகவரிக்குப் பிங் போகிறதா, ஒரு தளத்தின் பெயருக்குப் போகிறதா என்று பிரித்துப் பாருங்கள். எண்ணுக்குப் போய்ப் பெயருக்குப் போகாவிட்டால் பழைய கணினியில் டிஎன்எஸ் அமைக்கவில்லை என்று பொருள். சிறிய பக்கங்கள் திறந்து பெரியவை பாதியில் நின்றால் பாக்கெட் அளவுதான் காரணமாக இருக்கக்கூடும். பிபிபிஓஇ என்ற வகை இணைய இணைப்புகளில் 8 பைட்டுகள் தலைப்புக்கே போய்விடுவதால், வழக்கமான 1500க்குப் பதிலாக 1492 பைட்டுகளே கடக்கும். பிரிண்டரையோ தொலைக்காட்சியையோ பழைய கணினி தானாகக் கண்டுபிடிக்காது. அந்தத் தேடல் செய்திகள் ஒரு சப்நெட்டுக்குள் மட்டுமே உலவும்படி அமைந்தவை, ரூட்டிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் அவை தாண்டா. பிரிண்டரின் முகவரியைக் கையால் கொடுத்தால் அச்சிடும். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறைக்கான ஃபார்வர்டிங்கை மட்டும் இப்போதைக்கு இயக்காதீர்கள். அதை இயக்கியதும் லினக்ஸ் தன்னை ஒரு ரவுட்டர் என்று கருதி, உங்கள் ரவுட்டர் அனுப்பும் அறிவிப்புகளை ஏற்பதை இயல்பாக நிறுத்திவிடும், நடுக் கணினியின் சொந்த ஐபிவி6 இணைப்பே சற்று நேரத்தில் போய்விடும். தேவைப்படும்போது, அறிவிப்புகளை ஏற்கும் மதிப்பை 2 என்று வைத்துவிட்டுத் தொடங்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தீரவில்லை என்றால், இரண்டு கணினிகளின் முகவரிகளையும் ரூட்டிங் அட்டவணைகளையும், நடுக் கணினியின் ஃபார்வர்டு சங்கிலியை எண்ணிக்கையோடும், பிங் ஓடும்போது டிசிபிடம்ப் இரண்டு கார்டுகளிலும் காட்டிய பத்துப் பத்து வரிகளையும் அப்படியே நகலெடுத்து இங்கே போடுங்கள். உங்கள் சொற்களில் விவரித்தால் போதாது, திரையில் வந்தது வந்தபடி வேண்டும். 192.168, 10.42 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் பயன்படாதவை, அவற்றை மறைத்தால் எங்கே பிழை என்று எங்களால் சொல்ல முடியாது. வைஃபை கடவுச்சொல்லையும், இணைய நிறுவனம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் வெளி முகவரியையும் மட்டும் அழித்துவிட்டுப் போடுங்கள்.